தூள் பைக்கற்றில் இருந்த பெயர்

சின்னம்மா வட்ஸ்அப்பில் ஒரு ஸ்கிரீன்ஷொட் அனுப்பியிருந்தா. கீழே குரல்பதிவு: "தம்பி, எங்கட வெப்சைட்டைத் திறந்தால் வேற ஆக்களின்ர தூள் வருது. என்னெண்டு ஒருக்கால் பார் மோனை."

பார்த்தேன். மேலே அவவின் கடைப் பெயர். நடுவில் 'இந்தப் பெயர் விற்பனைக்கு'. அதற்குக் கீழே ஆரோ பெரிய கம்பனிகளின் மிளகாய்த்தூள் விளம்பரம்.

சின்னம்மா யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலில் வீட்டோடு தூள் வறுத்து விற்கிறவ. 2016இல் ரொறன்ரோவுக்கு அனுப்பத் தொடங்கிய நேரம், பக்கத்து வீட்டுப் பெடியன் வெப்சைட் முகவரியாக ஒரு டொட் கொம் பெயர் எடுத்துக் கொடுத்தான். ஈமெயிலும் அவனுடையது, கார்ட்டும் அவனுடையது. பிறகு அவன் வெளிநாடு போய்விட்டான். வருடக் காசு போன அந்தக் கார்ட் செத்த வருடம் பெயரும் செத்தது. பதிவு முடிய ஒரு மாதம் இருக்க ஒன்று, ஒரு கிழமை இருக்க ஒன்று, முடிந்து ஐந்து நாளுக்குள் ஒன்று என்று மூன்று நினைவூட்டல் அனுப்ப வேண்டும் என்பது இணையப் பெயர்களை நிர்வகிக்கும் ஐகேன் அமைப்பின் விதி. வந்திருக்கும், ஒருவரும் திறக்காத பெட்டிக்கு.

நான் பக்கத்துத் திருநெல்வேலியில் வெப்சைட் செய்து பிழைக்கிறவன், எனக்கே இதைக் கவனிக்கத் தோன்றவில்லை. நான் பார்த்தபோது பதிவு முடிந்து நான்கு மாதம். ஒரு டொட் கொம் முடிந்தால் உடனே பறிபோவதில்லை. 45 நாள் வரை பழைய விலைக்கே புதுப்பிக்க இடமுண்டு (பெயர் பதியும் சில கம்பனிகள் அதற்குள்ளேயே ஏலத்தில் விட்டுவிடும், அது வேறு கதை). அதன்பின் 30 நாள், தண்டம் கட்டி மீட்கலாம். கடைசி 5 நாள் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. அது முடிந்த கணத்தில், இதற்கென்றே ஓடும் புரோகிராம்கள் பெயரைக் கொத்திக்கொண்டு போகும். எங்களுடையதும் அப்படித்தான் போயிருந்தது. புதுப் பதிவுக்கு வயது ஆறு கிழமை, உரிமையாளர் பெயர் மறைத்திருந்தது. கேட்ட விலை 2,400 டொலர். எங்கள் காசில் ஏழு லட்சத்துக்குக் கிட்ட.

"அவன் எங்கட பேரில தூள் விக்கப் போறானே?" என்றா சின்னம்மா.

"இல்லைச் சின்னம்மா, உங்களுக்கே விக்கப் போறான்."

வழக்குப் போடலாமா என்று தேடினேன். இதற்கென்று 1999இல் ஐகேன் கொண்டுவந்த யூ.டி.ஆர்.பி. என்ற முறை இருக்கிறது. மூன்றைக் காட்ட வேண்டும்: பெயர் உன் வணிகக் குறியோடு குழம்பும்படி இருக்கிறது, மற்றவருக்கு அதில் நியாயமான உரித்து இல்லை, கெட்ட நோக்கத்தோடு எடுத்து அப்படியே பாவிக்கிறார். உலகப் புலமைச் சொத்து நிறுவனத்தில் ஒரே ஒரு நடுவர் முன் போனாலே கட்டணம் 1,500 டொலர். வென்றாலும் பெயர்தான் திரும்பும், காசு திரும்பாது. சின்னம்மாவிடம் பதிந்த வணிகக் குறி இல்லை. பதியாததற்கும் வாதாடலாம், ஆனால் பில், விளம்பரம், வாடிக்கையாளர் என்று சாட்சி அடுக்க வேண்டும்.

அந்த விதிகளை வாசித்துக்கொண்டு போகும்போதுதான் ஓரிடத்தில் நின்றுவிட்டேன். கெட்ட நோக்கத்துக்கு முதல் உதாரணம்: கைக்காசு செலவை விடக் கூடிய விலைக்கு, குறியின் சொந்தக்காரருக்கே விற்பதை முக்கிய நோக்கமாக வைத்துப் பதிவது. 2018இல் வடமராட்சிப் பள்ளிக்கூடம் ஒன்றின் பழைய மாணவர் சங்கப் பெயரை 12 டொலருக்கு எடுத்தவன் நான். லண்டன் கிளைக்காரர் தேடி வந்தபோது 350 பவுண்ஸ் வாங்கினேன். அவர்கள் நன்றி வேறு சொன்னார்கள். 'வேற ஆரும் எடுக்காமல் காப்பாத்தி வைச்சனான்' என்று நானும் கூசாமல் சொன்னேன். அந்தக் காசில்தான் பழைய லப்டொப் வாங்கியது. திருப்பிக் கொடுக்கவில்லை.

எங்கள் ஊரில் பங்குக்காணியை வெளியாருக்கு விற்க முதல் பங்காளியைக் கேட்க வேண்டும், யாழ்ப்பாணத்துத் தேசவழமைச் சட்டம் அப்படி. டொமைனில், அதாவது இந்த வெப்சைட் பெயர்களில், முந்தினவனுக்கே உறுதி. பெயரை வளர்த்தவரைக் கேட்கும் வழக்கம் அங்கே இல்லை. அதற்காக டொமைன் வியாபாரமே களவு என்று நான் சொல்லமாட்டேன். ஒடியல், கூழ், வேப்பம்பூ மாதிரிச் சொற்களை ஒருவர் முதலே யோசித்து எடுத்து, வருடா வருடம் காசு கட்டி வைத்திருந்து விற்றால் அது அவரின் சாமர்த்தியம். சின்னம்மா பத்து வருடம் அடுப்படியில் தும்மித் தும்மிச் சம்பாதித்த பெயர் அந்த வகை இல்லை. பழைய மாணவர் சங்கமும் இல்லை.

சரி, நடந்ததைச் சொல்கிறேன். முதலில் அதே பெயரில் இலங்கைக்குரிய டொட் எல்கே எடுத்தோம், நல்ல காலம் காலியாக இருந்தது. அச்சடித்த பைக்கற் மூவாயிரம் அரிசிச் சாக்கில் கிடந்தது. சின்னம்மா நிலத்தில் பாயைப் போட்டிருந்து, பழைய முகவரிக்கு மேல் புது முகவரியைச் சின்ன ஸ்டிக்கராக ஒட்டத் தொடங்கினா. விரலில் பசையும் தூளும் சேர்ந்து காய்ந்திருந்தது. அதைப் படமெடுத்து, 2016ஆம் ஆண்டு பைக்கற் படத்தோடு விற்பனைக்காரனுக்கு அனுப்பினேன். 'பெயரை மாற்றிக்கொண்டிருக்கிறோம், 150 டொலருக்குத் தந்தால் எடுக்கலாம்.' ஒன்பது நாள் பதிலில்லை. பிறகு 900 என்றான். நான் அந்தத் தூள் விளம்பரப் பக்கத்தைச் சேமித்து வைத்திருப்பதையும், அது யூ.டி.ஆர்.பி.யில் எங்கள் பக்கச் சாட்சி என்பதையும் மரியாதையாக எழுதினேன். 550க்கு வந்தான்.

ஸ்கார்பரோவில் இருக்கும் தங்கச்சி, சின்னம்மாவின் மகள், காசு கட்டினாள். நேரே கட்டவில்லை, பெயர் கைக்கு வரும்வரை காசை நடுவில் பிடித்து வைத்திருக்கும் எஸ்க்ரோ மூலம். பதிந்து 60 நாள் ஆகாத பெயரை வேறு கம்பனிக்கு மாற்றவிடமாட்டார்கள். அதனால் அவன் வைத்திருந்த அதே கம்பனியில் சின்னம்மாவின் பெயரில் கணக்குத் திறந்து, அதற்குள் தள்ளச் சொன்னோம். ஈமெயில் இந்த முறை அவவுடையது.

என்னிடம் இன்னொரு பெயரும் இருந்தது, ஒரு கோயிலுடையது. தர்மகர்த்தா ஐயாவுக்குப் போன் எடுத்து, செலவுக் காசுக்கே தருகிறேன் என்றேன். "நீர் ஏன் தம்பி சும்மா மாதிரித் தாறீர்? இதில என்ன சுத்துமாத்து?" என்றார். இரண்டு தடவை நேரே போய் விளக்க வேண்டியிருந்தது. என்னிடம் இருந்த ஒடியல் என்ற பெயரை மட்டும் விடவில்லை, அது இன்னமும் விற்பனைக்கு உண்டு.

டொட் கொம்மைக் கூடியது பத்து வருடத்துக்குத்தான் பதியலாம், அவ்வளவுக்கும் கட்டினோம். ரசீதைப் பிரின்ற் எடுத்துத் தரச் சொன்னா சின்னம்மா. கண்ணாடியைப் போட்டுத் தன் பெயர் சரியாக இருக்கிறதா என்று இரண்டு தரம் பார்த்தா. பிறகு அலுமாரியைத் திறந்து, காணி உறுதி இருந்த பொலித்தீன் பைக்குள் மடித்து வைத்தா.