பாலைவனத்தில் உறை ஊற்றியவர்

என் கணவருக்கு இரவுச் சாப்பாட்டின் கடைசிக் கவளம் தயிர்ச்சோறாக இருந்தாக வேண்டும். இந்த விதிக்கு ஊர், நாடு, தட்பவெப்பம் எதுவும் விலக்கல்ல. கடையில் விற்கும் கெட்டித் தயிரை அவர் தயிரென்றே ஒப்புக்கொள்வதில்லை. பாலைக் காய்ச்சி, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறவிட்டு, உறைமோர் ஊற்றி, அசைக்காமல் வைத்திருந்து எடுத்தால்தான் அது தயிர், மற்றதெல்லாம் வெறும் பால்பொருள் என்பது அவருடைய கட்சி. ஆகவே, கலிபோர்னியாவிலிருந்து காரில் கிளம்பி யூட்டா மாநிலத்தின் தேசியப் பூங்காக்களைச் சுற்றிவிட்டு, டெத் வேலி பாலைவனம் வழியாகத் திரும்புவதென்று முடிவானவுடன், நான் விடுதி அறைகளைத் தேடிக்கொண்டிருந்தபோது அவர் மூடி இறுக்கமாகப் பொருந்தும் எவர்சில்வர் தூக்கு ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தார்.

அக்டோபர் மாதத்தைத் தேர்ந்தெடுத்ததற்கு என் காரணம் ஒன்று, அவர் காரணம் வேறொன்று. கோடையில் இந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்கக்கூடாது என்பது என் எண்ணம். டெத் வேலியின் ஃபர்னஸ் கிரீக்கில் 1913 ஜூலை 10 அன்று பதிவான 56.7 டிகிரி செல்சியஸ்தான் உலகின் மிக உயர்ந்த வெப்பநிலையாக இன்றும் ஏட்டில் இருக்கிறது. அவரோ தயிரின் பக்கத்திலிருந்து யோசித்திருந்தார். பாலைவனக் காற்றில் ஈரம் இல்லாததால் பகலில் ஏறிய சூடு பொழுது சாய்ந்ததும் சட்டென்று இறங்கிவிடும். எனவே பகல் வெயிலில் தயிர் உறையும், இரவுக் குளிரில் புளிக்காமல் நிற்கும், இயற்கையே நமக்காகச் செய்து வைத்த ஏற்பாடு இது என்று அவர் விளக்கியபோது, கேட்பதற்கு மிகவும் நியாயமாகத்தான் இருந்தது.

முதலில் சயான் தேசியப் பூங்கா. மார்ச் முதல் நவம்பர் வரை அந்தப் பள்ளத்தாக்குச் சாலையில் சொந்தக் காரை ஓட்ட அனுமதி கிடையாது. நெரிசல் தாங்காமல் 2000-ஆம் ஆண்டிலிருந்து பூங்காவே பேருந்து விடுகிறது. காரைத் தகவல் மையத்தின் திடலில் நிறுத்திவிட்டு எல்லோரும் பேருந்தைப் பார்த்து ஓடியபோது, என் கணவர் மட்டும் சூரியன் எந்தப் பக்கம் ஏறும் என்று கணக்குப் பார்த்து, காரை மீண்டும் எடுத்து, நிழலே விழாத ஓர் இடத்தில் நிறுத்தினார். காலையில் விடுதி அறையின் மைக்ரோவேவில் பால் காய்ச்சி உறை ஊற்றிய தூக்கு, பின்னிருக்கையில் துண்டு சுற்றிக்கொண்டு அமர்ந்திருந்தது. மற்றவர்கள் நிழலுக்காகக் காத்திருந்த அந்தத் திடலில், நாங்கள் விட்டுவந்த நிழலான இடத்தைப் பிடித்த ஒரு பெரியவர் எங்களைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிடாத குறைதான்.

நாங்கள் வர்ஜின் ஆற்றங்கரையோரம் நடந்து, 600 மீட்டர் உயரத்துக்குச் செங்குத்தாக நிற்கும் செம்பாறைச் சுவர்களை அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலிக்கத் திரும்பி வந்தபோது, கார்க் கதவைத் திறந்ததுமே புளித்த வாசனை வந்து வரவேற்றது. உறைந்தும் இருந்தது, உறைந்ததைத் தாண்டி வெகுதூரம் போயும் இருந்தது. அன்று மாலை என் மாமியார் காணொலியில் வந்தார். மகனுக்குப் பின்னால் மாலை வெயிலில் பாறை முழுவதும் தகதகவென்று எரிந்துகொண்டிருந்தது. அவர் கேட்ட முதல் கேள்வி, “தயிர் உறைஞ்சுதாப்பா?” என்பதுதான்.

சயானிலிருந்து கிழக்கே போக, 1930-இல் மலையைக் குடைந்து திறக்கப்பட்ட ஒரு மைலுக்குச் சற்றே நீளமான சுரங்கப்பாதையைக் கடந்து மேலே ஏற வேண்டும். அன்றிரவு நாங்கள் தங்கிய பிரைஸ் கேன்யன் கடல் மட்டத்திலிருந்து 8,000 அடிக்கு மேலே இருக்கிறது. அந்த உயரத்தில் தண்ணீர் 92 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. கொதிக்கிறதே என்று நம்பி எலக்ட்ரிக் குக்கரில் வைத்த அரிசி, அது அணைந்த பிறகும் நடுவில் விதை வைத்துக்கொண்டு நின்றது. சோற்றுக்கே இந்தக் கதியென்றால் தயிருக்கு என்ன ஆகும் என்று நான் கேட்டிருக்கலாம். ஆனால் அதற்குள் அவர் மிச்சமிருந்த உறைமோர் முழுவதையும் புதுப் பாலில் ஊற்றி, குளிருக்குத் தாராளமாக ஊற்ற வேண்டும் என்ற தத்துவத்தையும் சொல்லி முடித்திருந்தார்.

பிரைஸில் ஆண்டின் ஏறத்தாழ பாதி நாட்களில் இரவில் உறைபனியும் பகலில் உருகலும் மாறி மாறி நடக்கின்றன. பாறை வெடிப்புகளில் இறங்கிய தண்ணீர் இரவில் உறைந்து பருத்து வெடிப்பை அகட்டுவதும், பகலில் உருகி இன்னும் ஆழமாக இறங்குவதும், மழை வந்து உடைந்ததை அரித்துக்கொண்டு போவதுமாக நடந்துதான் அங்கே ஆயிரக்கணக்கான ஆரஞ்சு நிறப் பாறைத் தூண்கள் உருவாகியிருக்கின்றன. உறைவதற்கென்றே பெயர்பெற்ற ஓர் ஊரில் உறையாமல் போன ஒரே பொருள் எங்கள் பால்தான். விடுதியின் சூடேற்றி நள்ளிரவில் தானாகவே அடங்கிவிட, அவர் எழுந்து தன்னுடைய ஒரே கம்பளி ஸ்வெட்டரைத் தூக்குக்குப் போர்த்தி, கைகளை முன்பக்கமாகக் கட்டி முடிச்சும் போட்டிருக்கிறார். விடியற்காலையில் சூரியோதயம் பார்க்கப் பள்ளத்தின் விளிம்பில் போய் நின்றபோதுதான் அது எனக்குத் தெரிந்தது. தயிர் அறையில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு இருந்தது. இவர் அரைக்கைச் சட்டையில் பல் கிட்டி நின்றுகொண்டிருந்தார். சூரியன் வந்து தூண்கள் ஒவ்வொன்றாகப் பற்றிக்கொண்ட அந்த அழகான காட்சியை நாங்கள் என் சால்வைக்குள் இரண்டு பேராக நின்று பார்த்தோம்.

இந்த இடத்துக்குப் பெயர் தந்த எபினேசர் பிரைஸ் என்ற குடியேறி, இங்கே மாடு தொலைந்தால் தேடுவது பெரும்பாடு என்று சொன்னதாகச் சொல்வார்கள். அறைக்குத் திரும்பி, மாட்டின் கொடையைப் பாலாகவே பார்த்த என் கணவரும் ஏறத்தாழ அதே மனநிலையில்தான் இருந்தார். பால் திரிந்தும் திரியாமலும் கிடந்தது; உறைமோர் ஒரு சொட்டுகூட மிச்சமில்லை.

அடுத்த உறைமோர் வேட்டை நெடுஞ்சாலை 12-இல் நடந்தது. வழியில் வந்த ஒரு சிற்றூர் மளிகைக் கடையின் குளிர்ப்பெட்டியில் ஸ்ட்ராபெரி, பீச், வெனிலா என்று சிறு கிண்ணங்கள் அடுக்கியிருந்தன. எதுவும் சேர்க்காத தயிர் மட்டும் இல்லை. நாளைக்குத்தான் லாரி வரும் என்றார் கடைக்காரப் பெண்மணி. இவர் ஒவ்வொரு கிண்ணமாகக் கையில் எடுத்து, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, பொடி எழுத்தில் உள்ளதையெல்லாம் படித்தார். ஸ்ட்ராபெரியில் ஜெலட்டின் இருந்தது, பீச்சில் பழத்துண்டு இருந்தது. வெனிலாவில் உயிருள்ள பாக்டீரியா இருப்பதாகப் போட்டிருந்தது.

“பாக்டீரியாவுக்கு வாசனை கிடையாதும்மா. நாலு தலைமுறை போனா வெனிலா தன்னால போயிடும்” என்றார்.

“அந்த நாலு தலைமுறையையும் யாருங்க சாப்பிடுறது?” என்று கேட்டேன். அவர் காசு கொடுக்கப் போய்விட்டார்.

கடைக்காரப் பெண்மணியின் மைக்ரோவேவிலேயே பாலைச் சுடவைத்து, வெனிலாவில் ஒரு கரண்டி விட்டுக் கலக்கி, தூக்கை மூடி என் மடியில் வைத்தார்கள். அதற்குப் பிறகுதான் எஸ்கலான்டேவுக்கும் போல்டருக்கும் இடையிலுள்ள ஹாக்பேக் வந்தது. ஒரு மலைமுகட்டின் உச்சியிலேயே சாலை போகிறது; இடப்பக்கம் பார்த்தாலும் பள்ளம், வலப்பக்கம் பார்த்தாலும் பள்ளம், பெரும்பகுதிக்குத் தடுப்புக் கம்பியும் கிடையாது. சாதாரணமாக இப்படிப்பட்ட இடங்களில் நான் ஒரு கையால் கூரைப் பிடியையும் மறு கையால் இருக்கையையும் பிடித்துக்கொள்வேன். இப்போது இரண்டு கைகளும் தூக்கில் இருந்தன. “அசையாம பிடிச்சுக்கோ, அசைஞ்சா உறையாது” என்று ஓட்டுகிறவர் சொல்லிக்கொண்டே வந்தார். சாலை சரியாக அமைவதற்கு முன்பு, 1930-கள் வரையிலும்கூட, போல்டருக்குக் கோவேறு கழுதைகள்தாம் தபால் சுமந்தன என்றும், அங்குள்ள பண்ணைகளின் பாலேடும் கழுதை முதுகில்தான் வெளியே வந்தது என்றும் அவர் உற்சாகமாகச் சொன்னார். அந்தக் கழுதைகளின் வேலையை இப்போது யார் செய்துகொண்டிருக்கிறார்கள் என்பதை அவர் சொல்ல வேண்டிய அவசியம் இருக்கவில்லை. போல்டர் மலையின் மேல் ஆஸ்பென் மரங்கள் முழு மஞ்சளாக நின்றதை நான் நிமிர்ந்து பார்த்தபோது, என் முழங்கைகள் இரண்டும் மரத்துப்போயிருந்தன.

கேபிடல் ரீஃபில் அந்தத் தயிர் உறைந்தே விட்டது. அங்கே ஃப்ரூட்டா என்ற இடத்தில், 1880-களில் வந்த, மார்மன் என்ற கிறித்தவப் பிரிவைச் சேர்ந்த குடியேறிகள் தொடங்கிய பழத்தோட்டங்களைப் பூங்கா இன்னமும் பராமரிக்கிறது. பறிப்புக்குத் திறந்துவிட்ட தோட்டத்தில் யார் வேண்டுமானாலும் நுழையலாம். மரத்தடியிலேயே தின்பதற்குக் காசில்லை, எடுத்துப் போவதற்கு மட்டும் அங்கே தொங்கும் தராசில் தாமே எடை போட்டு, பெட்டியில் தாமே பணம் போட வேண்டும். ஏணியும், நுனியில் பை கட்டிய துரட்டியும் மரத்தடியிலேயே கிடக்கின்றன. அந்த ஏணியில் ஏறி நாங்கள் பறித்த ஆப்பிளை நான் பொடிப்பொடியாக நறுக்கித் தயிர்ச்சோற்றில் கலந்தபோது, திராட்சையும் மாதுளையும்தான் முறை, ஆப்பிளுக்கு அங்கே இடமில்லை என்று அவர் ஆட்சேபித்தார். வெனிலாவுக்கு இடம் கொடுத்தவர் ஆப்பிளை மறுக்க முடியாது என்று நான் சொன்னேன். வெனிலா மணக்கும் ஆப்பிள் தயிர்ச்சோற்றை மோர்மிளகாய் கடித்துக்கொண்டு அவர் இரண்டாம் முறையும் போட்டுக்கொண்டதை இங்கே பதிவு செய்து வைக்கிறேன்.

அந்த மோர்மிளகாய்தான் கேன்யன்லேண்ட்ஸில் களவு போயிற்று. அங்குள்ள அண்டங்காக்கைகள் பையின் ஜிப்பைத் திறக்கும் என்று கேள்விப்பட்டிருந்தும் நாங்கள் அதைப் பெரிதாக நம்பவில்லை. பள்ளத்தாக்கின் விளிம்பில் பையை வைத்துவிட்டுப் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது ஒன்று வந்து, ஜிப்பின் நாக்கை அலகால் கவ்வி, தலையைச் சாய்த்து, ஒரே இழுப்பில் பாதி திறந்து, மோர்மிளகாய்ப் பொட்டலத்தைத் தூக்கிக்கொண்டு போய்ச் சற்றுத் தள்ளி உட்கார்ந்தது. “இரு, இப்ப கடிக்கும், அப்புறம் ஜென்மத்துக்கும் திருடாது” என்று இவர் ஆவலோடு காத்திருந்தார். அது கடித்தது; இன்னொன்றையும் கடித்தது; எங்களைப் பார்த்தது. மிளகாயின் காரம் பறவைகளுக்கு உறைப்பதே இல்லை, மிளகாய்ச் செடி தன் விதையைப் பரப்புவதற்குப் பறவைகளைத்தான் நம்பியிருக்கிறது என்பது அறிவியல். இதை நான் எடுத்துச் சொன்ன நேரம் பொருத்தமானதில்லை என்று அவர் முகம் காட்டியது.

விலங்குகளுக்கு உணவு கொடுப்பது அங்கே குற்றம். குப்பையை விட்டுவருவதும் குற்றம். ஆனால் பொட்டலம் விழுந்து கிடந்த இடமோ கருத்துப் புடைத்த உயிர்மண். நுண்ணுயிர்களும் பாசியும் சேர்ந்து மணலைப் பிணைத்து வைத்திருக்கும் அந்த மேலோட்டில் ஒரு காலடி பட்டால், அது மீண்டு வரப் பல பத்தாண்டுகள் ஆகும். அதன்மேல் மிதிக்காதீர்கள் என்று பூங்கா முழுக்கப் பலகை வைத்திருக்கிறார்கள். கடைசியில் என் கணவர் வெறும்பாறையின் மேல் குப்புறப் படுத்து, நடைக்கோலை முழுநீளத்துக்கு நீட்டி, நான் அவருடைய இரண்டு கணுக்கால்களையும் பிடித்துக்கொள்ள, பொட்டலத்தை அங்குலம் அங்குலமாக இழுத்தார். அண்டங்காக்கை பக்கத்தில் உட்கார்ந்து மேற்பார்வை செய்தது. அவ்வழியே வந்த ஒரு தம்பதி, ஏதாவது அரிய பூச்சியா என்று தாழ்ந்த குரலில் கேட்டார்கள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

திரும்பும் வழியில், கிரீன் ரிவரிலிருந்து சலைனா வரை 100 மைலுக்கு மேல் பெட்ரோல் பங்க்கோ கடையோ இல்லாத நெடுஞ்சாலை 70-ஐப் பாலும் பெட்ரோலும் நிரப்பிக்கொண்டு கடந்து, லாஸ் வேகாஸில் ஓர் இரவு தூங்கி, டெத் வேலியில் இறங்கினோம். அங்கே அக்டோபரிலும் பகல் வெயில் 35 டிகிரியை ஒட்டி இருந்தது. கடல் மட்டத்துக்கு 282 அடி கீழே, வட அமெரிக்காவின் மிகத் தாழ்ந்த இடமான பேட்வாட்டரில், உப்புப் படுகையின் மேல் காலாற நடந்துவிட்டு வந்து தூக்கைத் திறந்தோம். அப்படியொரு தயிரை நான் எங்கள் வீட்டிலும் பார்த்ததில்லை. வெள்ளை வெளேரென்று, மேலே மெல்லிய ஆடை படிந்து, சாய்த்தாலும் நகராமல் நின்றது. முகர்ந்து பார்த்ததில் வெனிலாவின் சுவடும் இல்லை. தலைமுறைக் கணக்கு சரியாகத்தான் வந்திருந்தது.

காரின் டிக்கியைத் திறந்து வைத்து, காலையில் வடித்த சோற்றைப் பிசைந்து, முதல் வாய் வைத்தபிறகுதான் உப்பில்லை என்று தெரிந்தது. உப்பு டப்பா லாஸ் வேகாஸ் விடுதியிலேயே தங்கிவிட்டிருந்தது. எங்கள் முன்னால், கண்ணுக்கெட்டிய தூரம்வரை, ஏறத்தாழ 200 சதுர மைல் பரப்புக்கு உப்பு படிந்து கிடந்தது. பெரும்பகுதி சமையலில் போடுகிற அதே சோடியம் குளோரைடு. தேசியப் பூங்காவிலிருந்து ஒரு கல்லைக்கூட எடுக்கக்கூடாது என்பது சட்டம். என் கணவர் கையில் பிசைந்த சோற்றோடு உப்பைப் பார்த்தார், அறிவிப்புப் பலகையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“வேண்டாங்க” என்றேன்.

காரின் முன்பெட்டியைக் குடைந்ததில், என்றைக்கோ உருளைக்கிழங்கு வறுவலோடு கொடுத்த சின்னச் சின்ன உப்புப் பொட்டலங்கள் அகப்பட்டன. சாப்பிட்டு முடித்ததும் பிரிக்காமல் மிஞ்சியவற்றை அவர் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். பிறகு, வெளியே போகும் வழியில் வனக்காவலர் யாராவது நிறுத்திக் கேட்டால் காட்ட வேண்டும் என்று, அந்த வறுவல் வாங்கிய கடை ரசீதையும் தேடத் தொடங்கினார்.