பக்கவாட்டில் நின்று பார்த்த கடல்

நேற்று மாலை ஓர் ஓவியக் கண்காட்சிக்குப் போயிருந்தேன். முழுக்க நிலக்காட்சிகளும் கடற்காட்சிகளும்தான். முதல் அறையில் இருந்த மலைகளும் வயல்களும் நன்றாகத்தான் இருந்தன, ஆனால் வாசல் வழியே அடுத்த அறையில் ஒரு பெரிய அலை கண்ணில் பட்டுவிட்டது, அப்புறம் அங்கே கால் தரிக்கவில்லை.

பத்தடி தள்ளி நின்றால் அலை உடைந்து சிதறுகிறது. கிட்டே போனால் அலையே இல்லை! கத்தியால் இழுத்த வெள்ளை, அதற்கடியில் அழுக்குச் சாம்பல், ஓரத்தில் யாரோ கோபத்தில் தீற்றியதுபோல ஒரு பச்சை. சரி என்று சுவரோடு ஒட்டி நின்று பக்கவாட்டில் பார்த்தேன். வண்ணம் மேடும் பள்ளமுமாக எழுந்து நிற்கிறது, ஜன்னல் வெளிச்சம் பட்டு ஒவ்வொரு நுரைக்கும் நிஜமாகவே ஒரு நிழல் விழுகிறது. போனில் படம் எடுத்துப் பார்த்தால் அந்த நிழல் எதுவும் இல்லை, தட்டையாக ஏதோ நீலம். இந்த மாதிரி ஓவியங்களை நேரில்தான் பார்க்க வேண்டும் என்று நான் அடித்துச் சொல்வது இதனால்தான்.

எண்ணெய் வண்ணம் தண்ணீர்போல ஆவியாகிக் காய்வதில்லை, காற்றிலுள்ள ஆக்சிஜனோடு வினைபுரிந்து இறுகுகிறது. இவ்வளவு தடிமனாக அப்பினால் மேலே தோல் கட்டியபிறகும் உள்ளே மாதக்கணக்கில் ஈரம் இருக்கும். சில நொடியில் போய்விடும் அலை, காய மாதங்கள் எடுக்கும் வண்ணம்.

பக்கத்தில் நின்றவர், "இதில் கடல் எங்கே இருக்கிறது?" என்று கூட வந்தவரிடம் கேட்டார். 1842-ல் ஆங்கில ஓவியர் டர்னர் பனிப்புயலில் சிக்கிய நீராவிக் கப்பலை வரைந்து காட்டியபோது, சோப்பு நுரையும் சுண்ணாம்பும் என்றுதான் கேலி செய்தார்கள். எனக்கோ அந்தக் குழப்பம்தான் கடல். புயலில் நிற்பவனுக்கு அலையின் வடிவமா தெரியும்? பிரெஞ்சு ஓவியர் மோனே 1870-ல் பிரான்சின் த்ரூவில் கடற்கரையில் வரைந்த ஓவியத்தின் வண்ணத்துக்குள் மணல் துகள்கள் ஒட்டியிருக்கின்றன. ஓவியர் ஜோன் அர்ட்லி ஸ்காட்லாந்தின் கேட்டர்லைன் கரையில் புயல்காற்றிலேயே நின்று வரைந்தவர், 1963-ல் 42 வயதில் இறந்துபோனார். இவர்கள் இருவரும் கடலைத் தள்ளி நின்று வரையவில்லை.

கடைசிச் சுவரில் சின்னதாக ஒன்று இருந்தது. மேலே ஒரு சாம்பல், கீழே ஒரு சாம்பல், அடிவானம் எங்கே என்று கடைசிவரை பிடிபடவில்லை. அதன் முன்னால்தான் அதிக நேரம் நின்றேன். கண்காட்சி முடிவதற்குள் ஒரு நாள் காலையில் போக வேண்டும், ஜன்னல் வெளிச்சம் அப்போது வேறு மாதிரி விழும்.