பிரிட்ஜுக்குப் பின்னால்

காலையில் டெங்கு கொசுப்புழு ஒழிப்புக்கு வரும் அக்கா வந்தார். தண்ணீர்த் தொட்டி, பூந்தொட்டி எல்லாம் பார்த்துவிட்டு, "பிரிட்ஜைக் கொஞ்சம் நகர்த்துங்க தம்பி" என்றார். பின்பக்கத் தட்டில் டார்ச் அடித்தால், தேங்கிய தண்ணீரில் புழுக்கள் நெளிகின்றன! பகீரென்றது. முட்டை கொசுவாக 7 முதல் 10 நாள் போதும். அதனால்தான் வாராவாரம் பார்க்க வேண்டியிருக்கிறது.

100 வீட்டில் எத்தனை வீட்டில் புழு என்பதுதான் அவர் நோட்டில் ஏறும் கணக்கு. எந்தத் தெருவில் முதலில் இறங்க வேண்டும் என்பதை அதுதான் காட்டும். காய்ச்சல் வந்தவர்களை அப்புறம் எண்ணுவதைவிட இது எவ்வளவோ மேல்.

எங்கள் தெருவில் சிலர் கதவே திறப்பதில்லை. தயவுசெய்து திறந்துவிடுங்கள். வெயிலில் படியேறி வருகிறவருக்கு ஒரு சொம்பு தண்ணீரும் கொடுங்கள்.