ஒரு வளவு, ஐந்து அடுப்பு

சென்ற பொங்கலன்று செட்டிநாட்டுப் பள்ளத்தூரில் எங்கள் ஐயா வீட்டு வளவில், அதாவது வீட்டின் நடு முற்றத்தில், ஐந்து அடுப்புகளை வரிசையாகக் கூட்டியிருந்தோம். மூத்தவர் பானையில் பால் பொங்கிய பிறகே அடுத்தவர் பானை என்பது எங்கள் வீட்டு வழக்கம். புகையில் கண்ணைக் கசக்கியபடி வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்த என் அண்ணன் பேத்தி, சிங்கப்பூரில் வளரும் ஒன்பது வயதுக்காரி, என் வேட்டியைப் பிடித்து இழுத்து, "ஏன் ஐயா, இவங்களுக்குள்ள சண்டையா?" என்று காதோடு கேட்டாள். நான் சிரித்துவிட்டேன். ஆனாலும் அந்தக் கேள்வியை அன்று முழுவதும் மனத்தில் போட்டு உருட்டிக்கொண்டே இருந்தேன்.

நாட்டுக்கோட்டைச் செட்டியார்களான எங்கள் நகரத்தார் கணக்கில் மணமான ஒருவனும் அவன் மனைவியும் சேர்ந்தால் ஒரு புள்ளி. கோயிலுக்கு வரி கொடுப்பதும் அந்தக் கணக்கில்தான். மகனுக்குக் கல்யாணம் முடிந்து சிறிது காலம் சென்றதும் பெற்றோரே அவனை 'வேறு வைப்பார்கள்'. வெளியூரார் இச்சொல்லைக் கேட்டால் ஏதோ மனத்தாங்கல் என்றுதான் எண்ணுவார்கள். வளவைச் சுற்றியிருக்கும் இரட்டை அறைகளில் ஒன்றைக் கொடுத்து, பின்கட்டில் தனி அடுப்புக்கு இடம் விட்டு, வருஷத்துக்கு இவ்வளவு என்று அரிசியும் பருப்பும் புளியும் மிளகாயும் அளந்து கொடுத்து, இனி உங்கள் சோற்றை நீங்களே பொங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்வதுதான் அது. கொடுத்ததற்குள் குடும்பம் நடத்தப் புதுப்பெண் கற்றுக்கொள்வாள். பர்மாவிலும் மலாயாவிலும் கடைப்பொறுப்புக்குப் போன ஆண்கள் திரும்பி வர மூன்றாண்டுகூட ஆகும். அந்தக் காலமெல்லாம் அவள் தன் அடுப்பைத் தானே ஆண்டாள், ஆனால் தனியாக இருக்கவில்லை. ரசத்துக்கு உப்புப் போதாது என்று மாமியார் குறை சொல்ல வழியில்லை, ஏனென்றால் அது மாமியார் ரசமே இல்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் மட்டும் ஐந்து அறைக் கதவும் திறக்கும்.

கூட்டுக்குடும்பம் நல்லதா, தனிக்குடித்தனம் நல்லதா என்று கல்யாண வீட்டுப் பந்தியில் யாராவது பேச்செடுக்கும்போதெல்லாம், இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு வழியை எங்கள் அப்பத்தாக்கள் வாழ்ந்தே காட்டியிருக்கிறார்களே என்று எனக்கு ஆற்றாமையாக இருக்கும். தனி அடுப்பும் பொதுக் கூரையும் இன்றைய அடுக்ககத்திலும் இருக்கின்றன. நான் குடியிருக்கும் சென்னைக் கட்டடத்தில் 64 அடுப்புகள் எரிகின்றன. மின்தூக்கியில் ஏறினால் எல்லோரும் கைபேசியையோ மாடி எண்ணையோ பார்த்தபடி நிற்கிறோம். குறை மனிதர்களிடம் இல்லை என்றே நினைக்கிறேன். முகம் பார்த்து நிற்க அங்கே வளவு என்று ஓரிடம் இல்லை.

போன கார்த்திகையில் என் மனைவி பச்சரிசியும் உளுந்தும் ஊறவைத்து அரைத்து, வெல்லமும் தேங்காயும் சேர்த்துக் கந்தரப்பம் சுட்டாள். ஓரம் முறுகி, நடு மெத்தென்று வந்திருந்தது. ஒரு எவர்சில்வர் கிண்ணத்தில் ஆறு அப்பங்களை வைத்து எதிர்வீட்டு மணியை அடித்தேன். கதவிலிருந்த கேமரா விழித்தது. "நாங்க எதுவும் ஆர்டர் பண்ணலையே" என்று ஒலிபெருக்கியில் ஒரு பெண்குரல் வந்தது. எதிர்வீடுதானம்மா என்றேன். கதவைத் திறந்து கிண்ணத்தை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்ட அந்தப் பெண்ணுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை; எனக்கும்தான். நான்கு நாள் கழித்து அதே கிண்ணம், துலக்கிய பளபளப்போடு, அவள் ஊர்த் தோட்டத்து எலுமிச்சம்பழங்கள் நிறைந்து திரும்பி வந்தது. வாங்கிய பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பக்கூடாது என்று அவளுக்கும் யாரோ ஓர் அப்பத்தா சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும்.

பொங்கலன்று ஐந்து பானையும் இறங்கியபின், பேத்தியை அழைத்து ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு கரண்டி எடுத்து அவள் இலையில் வைத்தேன். இரண்டாவதில் நெய் கூடுதல், நான்காவதில் ஏலக்காய் மணக்கிறது என்று ருசி பார்த்து வரிசைப்படுத்தினாள். சண்டை பற்றி அப்புறம் கேட்கவில்லை. மறுநாள் விடியற்காலை பல்லவன் எக்ஸ்பிரஸுக்குப் புறப்படும்போது, பையில் அந்த எவர்சில்வர் கிண்ணம் இருக்கிறதா என்று என் மனைவி இரண்டு முறை தொட்டுப் பார்த்துக்கொண்டாள். அதில் ஐந்து பானைப் பொங்கலும் கொஞ்சம் கொஞ்சம் இருந்தது.