ஐந்து பிரச்சினைகள், நூறு வாக்காளர்கள்: மெக்கோம்ப்ஸின் ஆய்வைத் திரும்பச் செய்யும் முன்

ஊடகவியல் கற்பிப்பவர் கொஞ்ச காலமாவது செய்தி அறையில் வேலை பார்த்திருக்க வேண்டும் என்று உறுதியாக நம்புகிறேன். அமெரிக்க ஊடக ஆய்வாளர் மேக்ஸ்வெல் மெக்கோம்ப்ஸ் அதற்கு நல்ல சான்று. 1961இல் ஸ்டான்ஃபோர்டில் முதுகலை முடித்தவர், நியூ ஆர்லியன்ஸ் நாளிதழ் ஒன்றில் நிருபராக இருந்துவிட்டுத்தான் முனைவர் பட்டத்துக்குத் திரும்பினார். எது முதல் பக்கம் போகும், எது உள்ளே ஒதுங்கும் என்று தினமும் பார்த்த கண்ணின் தடம் அவர் ஆய்வில் தெரிகிறது.

ஊடகம் எதைப் பெரிதாகக் காட்டுகிறதோ அதையே மக்களும் முக்கியம் என்று நினைப்பார்கள் என்பதுதான் 'அஜெண்டா செட்டிங்' என்று நாம் படிக்கும் கோட்பாடு. அதன் முதல் சோதனை 1968 அமெரிக்க அதிபர் தேர்தலின்போது நடந்தது. வட கரோலினா பல்கலைக்கழகத்தில் உடன் பணியாற்றிய டொனால்டு ஷாவுடன் சேர்ந்து, சேப்பல் ஹில் நகரில் யாருக்கு ஓட்டு என்று முடிவு செய்யாத 100 பேரை நேர்கண்டார். அரசியல்வாதிகள் சொல்வது கிடக்கட்டும், அரசு எதைக் கவனிக்க வேண்டும் என்று நீங்கள் நினைக்கிறீர்கள் என்பதே முக்கியக் கேள்வி. அதே நாட்களில் அந்த வாக்காளர்கள் படித்த, பார்த்த ஒன்பது ஊடகங்களின் செய்திகளையும் ஆய்வாளர்கள் இருவரும் பிரச்சினைவாரியாக வகைப்படுத்தினார்கள். டிவியில் 45 விநாடியாவது ஓடினாலோ முதல் மூன்று செய்திகளில் ஒன்றாக வந்தாலோ அது பெரிய செய்தி. நாளிதழுக்குத் தலைப்பின் அகலம், பத்திகளின் எண்ணிக்கை என்று தனி அளவுகோல். 1972இல் வெளியான கட்டுரையில் பெரிய செய்திகளுக்கும் வாக்காளர் கருத்துக்கும் இடையிலான ஒட்டுறவு (இரண்டும் எவ்வளவு சேர்ந்து போகின்றன என்ற அளவு, உச்சம் 1) 0.967.

இந்த எண்ணைப் பார்த்து மயங்கித்தான் பல மாணவர்கள் ஆய்வேட்டுக்கு இதை எடுக்கிறார்கள். ஆனால் ஒப்பிடப்பட்டவை வெளியுறவு, சட்டம் ஒழுங்கு, நிதி, பொதுநலம், குடிமை உரிமைகள் என ஐந்தே பிரச்சினைகள். நூறு பேரைக் கேட்டாலும், ஒட்டுறவுக் கணக்கில் n, அதாவது ஒப்பிடப்படும் இனங்களின் எண்ணிக்கை, 5தான். இரண்டு பட்டியல்களின் வரிசையை மட்டும் ஒப்பிடும் ஸ்பியர்மேன் தரவரிசை முறையில் கணக்கிட்டால், அடுத்தடுத்த இரண்டு இடம் மாறினாலே மதிப்பு 1இலிருந்து 0.9க்கு இறங்கும். தற்செயலாக வந்திருக்கும் வாய்ப்பு ஐந்து சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்ற அளவில், இருமுனைச் சோதனையில் (உறவு நேராகவோ எதிராகவோ இருக்கலாம் என்று கொள்வது) அந்த 0.9கூடத் தேறாது. குறைந்தது பத்துப் பன்னிரண்டு பிரச்சினைகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

அடுத்த இடறல் வகைப்படுத்தலில். இருவர் தனித்தனியே வகைப்படுத்தி, "90 சதவீதம் ஒத்துப்போகிறது" என்று எழுதிவிடுகிறார்கள். இரண்டே வகைகள் இருந்து, இருவருமே பத்தில் ஒன்பதை ஒரே வகையில் போட்டிருந்தால், செய்தியைப் படிக்காமலே 82 சதவீதம் ஒத்துப்போகும். ஆகவே இப்படித் தற்செயலாக ஒத்துப்போவதைக் கழித்துவிட்டு அளக்கும் கிரிப்பெண்டார்ஃபின் ஆல்ஃபாவைக் கணக்கிடுங்கள், 0.8க்குக் குறைந்தால் வகைகளின் வரையறையைத் திருத்தி மறுபடி தொடங்குங்கள்.

ஊடகம் மக்களை வழிநடத்தியதா, மக்களின் கவலையை ஊடகம் பின்தொடர்ந்ததா என்பதற்கு சேப்பல் ஹில் தரவில் பதில் இல்லை. அதற்காகத்தான் 1972 தேர்தலில் சார்லட் நகரில் அதே வாக்காளர்களிடமே பலமுறை கேட்டார்கள். ஒருமுறை மட்டும் நேர்காண வசதியிருப்பவர்கள், செய்திகளையாவது அதற்குச் சில வாரங்கள் முன்பிருந்தே சேகரித்து வையுங்கள்.