இடது முழங்காலோடு 14 மாதங்கள்

கனடாவின் ரொறன்ரோ நகரிலுள்ள ஸ்காபரோவில் நாங்கள் குடியிருக்கும் வீட்டில் சலவை இயந்திரம் நிலவறையில் இருக்கிறது. இறங்குவதற்கு 13 படிகள். இரண்டு ஆண்டுகளுக்கு முந்திய பனிக்காலத்தில், உடுப்புக் கூடையோடு நடுப்படியில் நின்று, ஏறவும் முடியாமல் இறங்கவும் முடியாமல் கைபிடியைப் பற்றிக்கொண்டு மகளைக் கூப்பிட்ட அன்றுதான், இது வெறும் வேலைக் களைப்பு அல்ல என்பதை ஒத்துக்கொண்டேன். அப்போது எனக்கு 58 வயது. அதில் 19 ஆண்டுகள் தொழிற்சாலையின் சீமெந்துத் தரையில் நின்றே வேலை செய்திருந்தேன்.

குடும்ப வைத்தியர் எக்ஸ்ரே எடுப்பித்து, இடது முழங்காலின் உட்பக்கத்தில் எலும்புகளுக்கு இடையிலுள்ள வெளி குறுகியிருப்பதைக் காட்டி, இது மூட்டுத் தேய்வு என்றார். படத்தில் தெரியும் தேய்வின் அளவும் நோவின் அளவும் எப்போதும் ஒத்துப்போவதில்லை என்றும், தேய்ந்த குருத்தெலும்பை மீண்டும் வளர்க்கும் மருந்து இல்லை என்றும், ஆயினும் நோவைக் குறைக்க வழி உண்டு என்றும் பொறுமையாக விளக்கினார். எனக்கு இரத்த அழுத்தம் இருப்பதால் ஐபுபுரோஃபென் என்ற நோவுக் குளிசையைத் தினமும் விழுங்க வேண்டாம் என்று தடுத்து, டைக்ளோஃபெனாக் என்ற நோவுக் களிம்பைப் பூசச் சொன்னார். அன்று என் நிறை 81 கிலோ.

அவசரத்தில் நான் முதலில் போன, முதுகெலும்புக்கும் மூட்டுகளுக்கும் கையால் சிகிச்சை செய்யும் கைரோபிராக்டிக் நிலையத்தில், முழங்காலைத் தொட்டுப் பார்ப்பதற்கு முன்பே 36 வருகைகளுக்கான பணத்தை முற்கூட்டியே கட்டும் திட்டத்தை நீட்டினார்கள். குருத்தெலும்பு திரும்ப வளரும் என்றும் உறுதி சொன்னார்கள். வைத்தியர் சொன்னதற்கு இது நேர்மாறு என்று தெரிந்தும், நோவு தந்த ஆசையில் ஒரு பகுதிப் பணத்தைக் கட்டினேன். ஒன்பது தடவை போன பிறகும் முதுகைத்தான் நெரித்தார்களே தவிர, முழங்காலை எவரும் கவனிக்கவில்லை. அந்தப் பணம் திரும்பி வரவில்லை.

வேலைத் தோழி ஒருவர் காட்டிய இரண்டாவது கைரோபிராக்டர் வேறு விதமானவர். கையை ஊன்றாமல் கதிரையிலிருந்து ஐந்து தடவை எழும்பச் சொன்னார். என்னால் இரண்டு தடவைதான் முடிந்தது. பிறகு முழங்காற்சில்லை இரண்டு பெருவிரல்களாலும் பிடித்து, மேலும் கீழும் பக்கவாட்டிலும் மெல்ல நகர்த்தினார். இறுகிப்போயிருந்த இடுப்பு மூட்டையும் தளர்த்தினார். இந்தக் கைச் சிகிச்சை ஓரிரு நாளைக்குத்தான் நோவைத் தணிக்கும், அந்த நாட்களைப் பயன்படுத்தித் தொடைத் தசையைப் பலப்படுத்துவதே உங்கள் வேலை என்று அவர் முதல் நாளிலேயே சொன்னது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. கட்டிலில் காலை நீட்டி, முழங்காலின் கீழே சுருட்டிய துவாயை வைத்து, அதை அமுக்கி ஐந்து வினாடி பிடித்து விட வேண்டும். காலையும் மாலையும் பத்துப் பத்துத் தடவை. எங்கள் மாகாணமான ஒன்ராறியோவின் பொதுக் காப்புறுதி 2004-ஆம் ஆண்டின் முடிவிலிருந்து கைரோபிராக்டிக் சிகிச்சைக்குப் பணம் தருவதில்லை என்பதால், வேலையிடத்துக் காப்புறுதி தாங்கும் அளவுக்கு எட்டு வருகைகளை அவரே இடைவெளி விட்டு அமைத்துத் தந்தார்.

சாப்பாட்டை மாற்றுவதுதான் மிகக் கடினமாக இருந்தது. ஒரு கிலோ நிறை குறைந்தால், எடுத்து வைக்கும் ஒவ்வோர் அடியிலும் முழங்காலில் விழும் சுமை ஏறத்தாழ நான்கு கிலோ குறையும் என்ற கணக்கை வைத்தியர் சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. அமெரிக்காவில் 454 பேரை 18 மாதங்கள் கவனித்து 2013-இல் வெளியான ஆய்விலும், உணவுக் கட்டுப்பாட்டையோ பயிற்சியையோ தனியாகச் செய்தவர்களைவிட இரண்டையும் சேர்த்துச் செய்தவர்களுக்கே நோவு அதிகம் குறைந்ததாம். நான் ஒரு நாளைக்கு நான்கு தடவை ரின்பால் விட்டுத் தேநீர் குடிப்பவள். அதை முதலில் நிறுத்தினேன். இரண்டு வாரம் தலையிடித்தது. கோதுமை மாப் புட்டுக்குப் பதிலாகக் குரக்கன் புட்டை அளவோடு அவித்தேன். சோற்றுக் கோப்பையில் பாதியை முருங்கையிலை வறையும் மரக்கறியும் பிடித்துக்கொண்டன. மீனைப் பொரிக்காமல், சாளையைப் பழப்புளி விட்டுக் குழம்பாக வைத்தேன். வேலை முடிந்து வரும் வழியில் வாங்கும் றோல்ஸையும் பற்றீஸையும் விடுவதற்காக வேறு பாதையால் வீட்டுக்கு நடந்தேன். மூட்டுக்கென்று விற்கப்படும் குளுக்கோசமைன் குளிசையை மூன்று மாதம் எடுத்தும் மாற்றம் எதையும் உணரவில்லை.

ஐந்தாவது மாதம்வரை பெரிதாக ஒன்றும் தெரியவில்லை, அழுதும் இருக்கிறேன். எட்டாவது மாதத்தில் ஒருநாள், கதிரையிலிருந்து கை ஊன்றாமல் எழும்பிய பிறகுதான் அப்படி எழும்பியதையே கவனித்தேன். 14-ஆம் மாத முடிவில் என் நிறை 73 கிலோ. களிம்பு இப்போது கடும் குளிர் நாட்களில் மட்டுமே தேவைப்படுகிறது. தேய்வு அங்கேயேதான் இருக்கிறது. நீண்ட நேரம் நின்றால் முழங்கால் வீங்கும். நிலவறைக்கு இறங்கும்போது நோகும் காலையும் ஏறும்போது நல்ல காலையும் முதலில் வைக்கிறேன். உடுப்புகளை இரண்டு தடவையாகப் பிரித்து, ஒரு கையால் கைபிடியைப் பிடித்தபடி நானே கொண்டுபோகிறேன்.