தோற்றுக் கொடுக்கும் ஆசான்கள்

யோகோஹாமாவில் யமஷிதா பூங்காவை ஒட்டி ஒரு பழைய கப்பலை நிரந்தரமாகக் கட்டிப்போட்டிருக்கிறார்கள். பெயர் ஹிகாவா மாரு. 1930-ல் ஓடத் தொடங்கி, பசிபிக்கைக் கடந்து சியாட்டில் வரை போய்வந்த பயணிகள் கப்பல். போர்க்காலத்தில் மருத்துவமனைக் கப்பலாக இருந்தது, இப்போது அருங்காட்சியகம். உள்ளே வருகிறவர்களில் பாதிப்பேர் முதல் வகுப்பு உணவுக்கூடத்தைப் படம் எடுத்துக்கொண்டு, சார்லி சாப்ளின் இதில் பயணம் செய்தார் என்ற செய்தியோடு இறங்கிவிடுகிறார்கள். நான் போனது வேறொருவருக்காக. ஜூடோவை உருவாக்கிய கானோ ஜிகோரோ 1938 மே 4 அன்று இந்தக் கப்பலில்தான் நிமோனியாவால் இறந்தார். கெய்ரோவில் நடந்த சர்வதேச ஒலிம்பிக் கமிட்டிக் கூட்டத்துக்குப் போய்விட்டு, வான்கூவரில் கப்பலேறித் திரும்பிக்கொண்டிருந்தார். வயது 77. கரை சேர இரண்டே நாள் இருந்தது.

அவர் இறந்த இடத்திலிருந்து தொடங்கி, ஜூடோ பிறந்த இடத்தை நோக்கிப் பின்னோக்கிப் போவது என்பது என் திட்டம். பயணத் திட்டமாக இது அவ்வளவு புத்திசாலித்தனமானது இல்லை, ரயிலில் குறுக்கும் நெடுக்குமாக அலைய வேண்டியிருந்தது.

நிறுவனங்களில் மேலாளர்களுக்குக் கோச்சாக இருப்பது என் தொழில். பாடம் எடுப்பதில்லை, ஆலோசனை சொல்வதும் குறைவு. எதிரே உட்கார்ந்து, கேட்டு, கேள்வி கேட்பதுதான் வேலை. ஜூடோ என் மாலைப்பொழுது. இரண்டும் சேர்ந்திருப்பது தெரிந்தால் போதும், "தற்காப்புக் கலையிலிருந்து தலைமைப் பண்பு" என்று பேச வரச்சொல்லி யாராவது கூப்பிட்டுவிடுவார்கள். பலகை உடைக்கும் பட்டறைகளும் அந்த வகைதான். மெல்லிய பைன் பலகையை அதன் நார் ஓடும் திசையில் பிளக்கும்படி பிடித்துக்கொண்டால், கொஞ்ச நேரம் சொல்லிக்கொடுத்தாலே பெரும்பாலோர் உடைத்துவிடுவார்கள். கைதட்டல், படம், சான்றிதழ் எல்லாம் உண்டு. ஆனால் பலகை வைத்த இடத்தில் அசையாமல் இருக்கும். திங்கட்கிழமைக் கூட்டத்தில் எதிரே உட்காரும் மனிதர் அப்படி இருப்பதில்லை. தற்காப்புக் கலையில் எனக்கு அக்கறையுள்ள பகுதி எல்லாமே அந்த அசைகிற மனிதரைப் பற்றியது.

டோக்கியோவில் கோடோகன், ஜூடோவின் தலைமைப் பள்ளி. கசுகா நிலையத்தில் இறங்கினால் பக்கம். எட்டு மாடிக் கட்டிடம், 1984-ல் கட்டியது, வாசலில் கானோவின் சிலை. ஏழாம் மாடியில் 420 டடாமி, அதாவது தரைவிரிப்புப் பாய்கள், விரித்த பெரிய பயிற்சிக்கூடம். எட்டாம் மாடிப் பார்வையாளர் இருக்கைகளில் உட்கார்ந்து யார் வேண்டுமானாலும் மேலிருந்து பார்க்கலாம். பள்ளிப் பையன்களும், வேலை முடிந்து வந்த நடுவயதுக்காரர்களும், வெளிநாட்டுக்காரர்களும் ஒரே விரிப்பில் புரண்டுகொண்டிருப்பார்கள்.

இரண்டாம் மாடியில் ஒரு சின்ன அருங்காட்சியகம். கானோவை அங்கே பார்க்கும்போது சண்டைக்காரராகத் தெரியமாட்டார், பள்ளிக்கூட வாத்தியாராகத்தான் தெரிவார். உண்மையும் அதுதான். ஆசிரியர்களை உருவாக்கும் டோக்கியோ உயர்நிலைப் பயிற்சிப் பள்ளிக்கு இருபது ஆண்டுகளுக்கும் மேல் தலைவராக இருந்தவர். ஜூடோ கற்க அவர் வைத்த வழிகள் நான்கு. வகுக்கப்பட்ட அசைவுகளை ஜோடியாகப் பழகும் கட்டா, சுதந்திரமாகப் பிடித்துப் பழகும் ரன்தோரி, விரிவுரை, கேள்வி–பதில். அந்த நான்காவதை இன்று ஜூடோக்காரர்களே பெரிதாகப் பேசுவதில்லை. எனக்கு அந்த இடத்தில் கால் நின்றுவிட்டது. உடம்பால் கற்கும் ஒரு கலையில், உட்கார்ந்து கேள்வி கேட்பதும் பயிற்சிதான் என்று ஒருவர் வகுத்து வைத்திருக்கிறார்.

வெளியிலிருந்து வருகிறவர்களும் ஒரு நாள் கட்டணம் கட்டி விரிப்பில் இறங்கலாம். இறங்கினேன். எனக்கு ஜோடியாக வாய்த்தவர் எழுபதைத் தாண்டியிருப்பார், மெலிந்த உடம்பு. வணங்கினோம், பிடித்தோம். நான் முயன்றது தாய் ஒதோஷி. எதிராளியை முன்மூலைக்கு இழுத்து, நம் காலை அவர் காலுக்குக் குறுக்கே நீட்டி, திரும்பியபடியே கவிழ்ப்பது. தசைபலம் குறைவாகவும் நேரம் துல்லியமாகவும் கேட்கும் எறிதல்.

இழுத்தேன். அவர் விழவில்லை. எதிர்க்கவும் இல்லை. சும்மா நின்றார். மறுபடி இழுத்தேன். இந்த முறை விரலை நீட்டித் தன் குதிகாலைக் காட்டினார். அது தரையிலேயே இருந்தது. "மோ இக்காய்" என்றார், இன்னொரு தடவை. குதிகால் எழும்பும்வரை மணிக்கட்டைத் தூக்கி இழுத்து, எழும்பிய கணத்தில் திரும்பினேன். பறந்துபோய் விழுந்தார். டடாமியில் கை அறைந்த சத்தம் கூடமெங்கும் கேட்டது. எழுந்து, சட்டையைச் சரிசெய்துகொண்டு, எதுவும் நடக்காததுபோல வந்து நின்றார்.

அன்றைக்கு அவர் ஒருமுறைகூட என் மனது கோணக்கூடாது என்று விழவில்லை. அரைகுறை இழுப்புக்குக் கல்லாக நின்றார், சரியான இழுப்புக்கு முழு மனதோடு விழுந்தார். என்னைத் திருப்பி மடக்கிப்போடவும் இல்லை. அவரால் முடியும் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

ஜூடோவில் எறிகிறவர் தோரி, விழுகிறவர் உகே. கோச்சிங் பற்றிப் பேசுகிறவர்கள் பலரும் கோச்சைத் தோரியாகவே கற்பனை செய்கிறார்கள். வாடிக்கையாளரை அசைத்து, பழைய நினைப்பைக் கவிழ்த்து, புதிய ஆளாக நிறுத்துகிறவர் என்று. ஒரு கூர்மையான கேள்வியில் எதிராளி வாயடைத்துப்போன கதைகளைக் கோச்சுகள் தங்களுக்குள் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள். அந்த நாற்காலியில் கோச் உட்கார வேண்டியது உகேயாக என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. எறியப் பழகுகிறவர் வாடிக்கையாளர். "அருமையான யோசனை" என்று உடனே தலையாட்டும் கோச், இழுப்பதற்கு முன்பே விழுகிற உகே. எல்லாவற்றுக்கும் மடக்குக் கேள்வி போடுகிறவர், எவர் எப்படி இழுத்தாலும் விழாத உகே. இரண்டு பேரிடமும் பழகினால் எறியக் கற்கமுடியாது.

கானோவே இந்த இடத்தைக் கடந்து வந்தவர்தான். ஜூடோவுக்கு மூலமான ஜுஜுட்சு என்ற மல்லுக்கலையில், கிடோ-ர்யூ என்ற பழைய மரபில் அவருக்கு ஆசிரியராக இருந்தவர் ஈகுபோ ட்சுனெதோஷி. ஐம்பது வயதுக்கு மேல் ஆனவர், ஆனாலும் எறிவதில் கெட்டிக்காரர். கானோதான் எப்போதும் விழுந்துகொண்டிருப்பார். ஒரு நாள் எல்லாம் மாறிவிட்டது. ஆசிரியரின் எறிதல்கள் எடுபடவில்லை, கானோவின் எறிதல்கள் ஒவ்வொன்றும் பலித்தன. என்ன செய்தாய் என்று அவர் கேட்க, எறிவதற்கு முன்பே எதிராளியின் நிலையைக் குலைப்பதைத் தனியாக ஆராய்ந்துவருவதாகக் கானோ சொன்னார். இனி உனக்குச் சொல்லித்தர என்னிடம் ஒன்றுமில்லை என்பது ஆசிரியரின் பதில். சீக்கிரமே அந்த மரபில் கற்பிக்கும் உரிமையையும் தந்துவிட்டார். குஸுஷி என்ற நிலைகுலைக்கும் தத்துவம் இப்படிப் பிறந்தது என்று சொல்லத்தான் இந்தக் கதை வழக்கமாக வரும். எனக்கு இதில் பிடித்த ஆள் ஈகுபோ. விழுந்தார், எப்படி என்று கேட்டார், கேட்டுக்கொண்டார், ஒதுங்கி வழிவிட்டார்.

நவம்பர் 3 ஜப்பானில் பண்பாட்டு நாள், விடுமுறை. அன்று மெய்ஜி ஆலய வளாகத்தில் பழைய போர்க்கலை மரபுகள் செய்துகாட்டும் நிகழ்ச்சி ஆண்டுதோறும் நடக்கும். வாள், ஈட்டி, தடி என்று ஒவ்வொரு பள்ளியாக வந்து கொஞ்ச நேரத்தில் முடித்துக்கொண்டு போவார்கள். கூட்டம் அதிகம், இடம்பிடிக்கச் சீக்கிரம் போகவேண்டும். வாள் மரபுகளைப் பார்க்கும்போது ஒன்றைக் கவனிக்கலாம். ஜோடியில் நரைத்தவர்தான் அநேகமாகத் தோற்பார். பழைய வாள்பயிற்சியில் மூத்தவர் எடுக்கும் வேடத்துக்கு உச்சிதாச்சி என்று பெயர். அவர் தாக்குவார், இளையவர் அதை வாங்கித் திருப்பி வெல்வார். மூங்கில் வாளால் பயிலும் இன்றைய கெண்டோவுக்காக 1912-ல் வகுத்த கட்டாவிலும் இதே ஏற்பாடுதான். நீள்வாளுக்கு 7, குறுவாளுக்கு 3, மொத்தம் 10 வடிவங்கள், பத்திலும் ஆசிரியர் பக்கம் தோற்கும்.

ஆனால் மூத்தவரின் தாக்குதல் பொய்யாக இருக்கக்கூடாது. தலையைக் குறிவைத்தால் வாள் உண்மையிலேயே தலைக்கு வரவேண்டும், எட்டும் தூரத்திலிருந்து வரவேண்டும். பக்கத்தில் காற்றை வெட்டினால் இளையவருக்கு விலகவேண்டிய தேவையே இல்லை, கற்பதற்கும் ஒன்றுமில்லை. மாணவரின் திறமை எங்கே முடிகிறதோ அதற்கு ஒரு விரற்கடை அப்பால் வாளை இறக்குவதுதான் மூத்தவரின் கைத்திறன். அதனால்தான் அந்த வேடத்தைப் புதியவர்களிடம் கொடுப்பதில்லை.

என் வேலையில் இதற்கு நேரான இடம் ஒத்திகை. கடினமான ஒரு பேச்சுக்குத் தயாராகும் வாடிக்கையாளரிடம், நான் அவருடைய மேலதிகாரியாக உட்காருவேன். இந்த வேடத்தை அன்பாகச் செய்வது எளிது, கொடூரமாகச் செய்வதும் எளிது. அந்த மேலதிகாரி நிஜத்தில் சொல்லக்கூடிய வாக்கியத்தை, நிஜமான குரலில், வாடிக்கையாளர் தடுமாறிச் சமாளிக்கக்கூடிய அளவில் சொல்வதுதான் கஷ்டம். அதற்கு அந்த மேலதிகாரி எப்படிப் பேசுவார் என்று முந்தைய சந்திப்புகளில் காதுகொடுத்துக் கேட்டிருக்கவேண்டும்.

நாடு திரும்புமுன் நிப்போன் புடோகன் பக்கமும் போனேன். 1964 ஒலிம்பிக் ஜூடோவுக்காகக் கட்டிய அரங்கம். எடைவரம்பில்லாத பிரிவில் நெதர்லாந்தின் அன்டன் கேசிங்க், ஜப்பானின் கமினாகா அகியோவை வீழ்த்தியது இங்கேதான். கொண்டாட விரிப்புக்குள் ஓடிவந்த தன் நாட்டுக்காரர்களைக் கேசிங்க் கையை உயர்த்தித் தடுத்துவிட்டார். கெண்டோவில் இதை விதியாகவே வைத்திருக்கிறார்கள். அடி விழுந்தபின் முஷ்டியை உயர்த்திக் குதித்தால் கிடைத்த புள்ளி ரத்தாகும்.

இதையெல்லாம் படித்துவிட்டு, டோஜோ என்ற பயிற்சிக்கூடத்துக்குள் போனால் மனிதர் தானாகப் பண்பட்டுவிடுவார் என்று யாரும் நினைக்கவேண்டாம். 1983 முதல் சுமார் முப்பது ஆண்டுகளில் ஜப்பானியப் பள்ளி ஜூடோவில் 100-க்கும் மேற்பட்ட மாணவர்கள் இறந்திருக்கிறார்கள். பெரும்பங்கு தலைக்காயம், அதிலும் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் நிறைய. 2013-ல், தேசிய அணியின் 15 வீராங்கனைகள் பயிற்சியில் அடிபட்டதாகக் கொடுத்த புகார் வெளியே வந்து, தலைமைப் பயிற்சியாளர் பதவி விலகினார். வெற்றி வெறி முற்றிப்போனதென்று, தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கான தேசியத் தனிநபர் போட்டியையே ஜப்பான் ஜூடோ சம்மேளனம் 2022-ல் நிறுத்தியது. கானோவின் வாசகங்கள் சுவரில் தொங்கிய கூடங்களிலும் இது நடந்திருக்கும்.

அதனால்தான் உகெமியை, அதாவது விழும் முறையை, நான் மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் வைக்கிறேன். மோவாயை உள்ளே இழுத்து, கண்ணைத் தன் இடுப்புக்கச்சை முடிச்சில் வைத்து, உடம்பு தரையைத் தொடும் கணத்தில் முழுக்கையாலும் விரிப்பை அறைவது. விசை ஒரே இடத்தில் இறங்காமல் பரவிப்போகும், தலை தப்பிக்கும். இது ஊறாத ஒருவரைத் தூக்கிப்போடக்கூடாது. "உடைத்தால்தான் வளர்வார்" என்று பத்துப்பேர் முன்னால் ஒரு மனிதரின் பலவீனத்தைப் பிரித்துப்போடும் பயிற்சி வகுப்புகளை நான் பார்த்திருக்கிறேன். அந்த மனிதர் மறுநாள் எப்படி எழுந்து வந்தார் என்று கேட்க அங்கே யாரும் இல்லை. என் வாடிக்கையாளர்களுக்கு முதல் வாரங்களில் நான் கொடுப்பது சின்னச்சின்ன விழுதல்கள். மறுப்பு வர வாய்ப்புள்ள ஏதாவது ஒன்றை யாரிடமாவது கேட்டுவிட்டு வரவேண்டும். மறுத்தால் அன்றே ஒருவரிடம் சொல்லிவிடவேண்டும், உள்ளேயே வைத்துக்கொள்ளக்கூடாது.

ஜூடோ பிறந்த இடம் எய்ஷோஜி, டோக்கியோவில் உவேனோவுக்குப் பக்கத்தில் இனாரிச்சோ நிலையத்தருகே ஒரு சிறிய பௌத்தக் கோயில். 1882-ல் 12 டடாமி விரித்த அறை, 9 மாணவர்கள். பயிற்சியின் அதிர்ச்சியில் முன்னோர் நினைவுப் பலகைகள் கவிழ்ந்தன, துறவி கோபித்துக்கொண்டார் என்று சொல்வார்கள். உடைந்த தரைச்சட்டங்களைச் செப்பனிடக் கானோவே விளக்கோடு தரைக்கு அடியில் ஊர்ந்துபோவாராம். இப்போது ஒரு நினைவுக்கல் இருக்கிறது. சீக்கிரம் பார்த்துவிடலாம்.

திரும்பி வந்தபின் ஒரு வாடிக்கையாளரோடு சம்பளப் பேச்சுக்கு ஒத்திகை பார்த்தேன். அவர் அனுமதியோடு, அடையாளம் மாற்றிச் சொல்கிறேன். மேலதிகாரியாக நான் உட்கார்ந்து, "இந்த வருஷம் பட்ஜெட் இல்லைன்னு உங்களுக்கே தெரியும்" என்று ஆரம்பித்தேன். முதலில் மன்னிப்புக் கேட்டார். பிறகு எரிந்து விழுந்தார். இரண்டுக்கும் நான் அசையவில்லை. "குதிகால் தரையில் இருக்கிறது" என்று மட்டும் சொன்னேன், அந்தக் கதை அவருக்கு ஏற்கெனவே தெரியும். கொஞ்சம் யோசித்துவிட்டு, "பட்ஜெட் எந்த மாதம் முடிவாகிறது? அதற்குமுன் உங்களுக்கு என்னிடமிருந்து என்ன தேவை?" என்று கேட்டார். எனக்குப் பதில் இல்லை, விழுந்தேன். நிஜக் கூட்டத்தில் அவர் கேட்டதில் பாதி கிடைத்தது. மீதிக்கு அடுத்த காலாண்டில் மறுபடி பேசப்போகிறார். அதற்கான ஒத்திகையில் மேலதிகாரி இன்னும் கறாராக இருக்கவேண்டும் என்று எழுதியிருக்கிறார்.